மருத்துவம் படிக்கும்போதே ஆராய்ச்சிப் பயிற்சி: ஆளைப் பார்த்துச் சேருங்கள்

"இரண்டாம் ஆண்டு மருத்துவம் படிக்கிறேன். ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சிப் பயிற்சி எடுக்க வாய்ப்பு வந்திருக்கிறது. சேரலாமா? கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது? படிப்புக்கு நடுவே முடிக்க முடியுமா? கடைசியில் பேப்பர் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருங்கள். ஆனால் தலைப்பைப் பார்த்துச் சேராதீர்கள், ஆளைப் பார்த்துச் சேருங்கள். பல வருடங்களாக மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டி வருகிறேன். பாதியில் நின்றுபோன வேலைகளை யோசித்துப் பார்த்தால், தலைப்பு சரியில்லாமல் நின்றவை மிகக் குறைவு. மாணவர் எங்கோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார், கேட்க ஆள் கிடைப்பதில்லை, அப்படியே தேர்வு வந்துவிடுகிறது. பெரும்பாலும் இப்படித்தான் நின்றிருக்கின்றன. வாரத்துக்கு அரை மணி நேரமாவது உங்களோடு உட்கார்ந்து, நீங்கள் செய்ததைப் பிரித்துப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்கும் ஒருவர் வேண்டும். அவர் இருந்தால் சாதாரணத் தலைப்பிலும் நிறையக் கற்றுக்கொள்வீர்கள். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தலைப்பாக இருந்தாலும் கையில் ஒன்றும் நிற்காது.

பி வேல்யூ என்றால் என்ன, கோஹார்ட் ஆய்வு எப்படி இருக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நல்ல வகுப்பு கிடைத்தால் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு கேள்வியை நம்மால் பதில் சொல்லக்கூடிய அளவுக்கு வெட்டிக் குறைப்பதையும், கையில் வந்த டேட்டாவைச் சந்தேகப்படுவதையும் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்துதான் பழக முடியும். ஒரு உதாரணத்தை எடுத்துக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

ஒரு மாணவர் "செப்சிஸ் பற்றி ஆய்வு செய்ய வேண்டும்" என்று வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்சிஸ் என்றால் நோய்த்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினையாற்றி, உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை. அவர் சொன்னது ஆசைதான், இன்னும் கேள்வியாகவில்லை. செப்சிஸில் எதைப் பற்றி? "ஆன்டிபயாடிக் சீக்கிரம் கொடுத்தால் நோயாளி பிழைக்கிறாரா?" என்கிறார். நல்ல கேள்விதான், ஆனால் ஒரு மாணவர் எட்டு வாரத்தில் பதில் சொல்லக்கூடியதல்ல. மிக மோசமான நிலையில் வருபவருக்குத்தான் மருந்தும் சீக்கிரம் கிடைக்கும், இறக்கும் வாய்ப்பும் அவருக்குத்தான் அதிகம். இதைப் பிரித்தறிய ஆயிரக்கணக்கான நோயாளிகளும், சிக்கலான கணக்கும் வேண்டும். அதனால் கைடு அதை இன்னும் கீழே இறக்குகிறார்: "நம் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செப்டிக் ஷாக்கோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போனது? போகாதவர்களுக்கு எங்கே தாமதமானது?" ஷாக், அதாவது செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் ஆபத்தாகக் குறைந்த நிலை, இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் என்பது 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின் பரிந்துரை. ஆக, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் தயாராக இருக்கிறது. கேஸ் ஷீட்டுகளும் மருத்துவமனையிலேயே இருக்கின்றன. இப்போதுதான் கேள்வி கைக்கு அடக்கமாகிறது.

அப்புறம்தான் நிஜமான வேலை. "வந்த நேரம்" என்பது எது? பதிவுச் சீட்டில் அச்சான நேரமா, யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் டிரையேஜில் நர்ஸ் குறித்த நேரமா, டாக்டர் முதலில் எழுதிய நேரமா? மூன்றுக்கும் இடையே இருபது, முப்பது நிமிடம் வித்தியாசம் வரலாம். நாம் அளப்பதோ ஒரு மணி நேரக் கெடு. "கொடுத்த நேரம்" எது? டாக்டர் ஆர்டர் போட்டதா, நர்ஸ் கையெழுத்திட்டதா? யாரைச் செப்டிக் ஷாக் என்று கணக்கில் எடுப்பது? வரும்போதே சந்தேகப்பட்டவர்களை மட்டும் எடுத்தால், கண்டுபிடிக்காமல் தவறவிட்டவர்கள் வெளியே போய்விடுவார்கள். அதிகத் தாமதம் அவர்களுக்குத்தான் ஆகியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிய நோயை வைத்து எடுத்தால், வார்டுக்குப் போன பிறகு ஷாக் ஆனவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். இந்த முடிவுகளை ஒரு கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே எடுத்து எழுதிவைக்க வேண்டும். புரோட்டோகால், அதாவது ஆய்வை எப்படிச் செய்வோம் என்ற திட்டத்தை முன்பே எழுதுவது, சடங்கு என்று நினைக்கும் மாணவர்களிடம் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

டேட்டா எடுத்து முடித்தாயிற்று. நேரத்தைக் கழித்துப் பார்க்கிறீர்கள். சில வரிகளில் எக்செல் விடை தராமல் ######## என்று காட்டுகிறது. வந்த நேரம் 23:40, மருந்து போன நேரம் 00:25. தேதியைச் சேர்க்காமல் நேரத்தை மட்டும் பதிந்ததால் கணக்கு மைனஸில் போய்விட்டது, உண்மையில் 45 நிமிடம்தான். அவசரத்தில் இருக்கும் மாணவர் "தப்பான வரி" என்று அவற்றை அழித்துவிடுவார். அழித்தால் போவது ஏதோ சில வரிகள் இல்லை. நள்ளிரவைத் தாண்டிய நோயாளிகள் அத்தனை பேரும் போய்விடுகிறார்கள். இரவில் ஆட்கள் குறைவாக இருக்கும்போது மருந்து தாமதமாகிறதா என்பதே நீங்கள் தேடும் பதிலாக இருக்கலாம். இன்னொரு கட்டத்தில் நேரம் காலியாக இருக்கிறது. மருந்து கொடுக்கவில்லையா, கொடுத்தும் குறிக்கவில்லையா? இரண்டையும் ஒரே மாதிரி காலியாக விட்டுவிட்டால், பிறகு எவராலும் பிரிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து "இந்த வரியின் கேஸ் ஷீட்டை எடு, பார்ப்போம்" என்று சொல்லும் ஒருவர் இருந்தால், அந்த ஒரு மதியத்தில் கற்பது வாழ்நாள் முழுக்க வரும். நாளை எந்த ஆய்வுக் கட்டுரையை வாசித்தாலும், அட்டவணைக்குப் பின்னால் இப்படி எத்தனை முடிவுகள் எடுத்திருப்பார்கள் என்று உங்கள் மனம் தானாகக் கேட்கும். ஆராய்ச்சியாளராகாமல் வெறும் டாக்டராகவே இருந்தாலும் இந்தப் பழக்கம் உங்கள் நோயாளிகளுக்கு உதவும். இந்தப் பயிற்சியை எல்லா மாணவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது அதனால்தான்.

எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கேள்வியும் சீக்கிரமே வரும். தோராயமாக இதை மனதில் வையுங்கள்: பாதிப் பேருக்கு நேரத்தில் மருந்து போயிருக்கிறது என்றால், 100 பேரை வைத்து அதைச் சொல்லும்போது பிழை எல்லை சுமார் 10 சதவீதப் புள்ளிகள் இரு பக்கமும் இருக்கும். அதை 5 ஆகக் குறைக்க 200 பேர் போதாது, சுமார் 400 பேர் வேண்டும். அந்த 400 கேஸ் ஷீட்டை யார் எடுப்பது, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலிலேயே பத்து ஷீட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பாதித் திட்டங்கள் இந்தப் பத்து ஷீட்டிலேயே திருந்திவிடும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிந்தவரையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு போனால் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

மாணவர்களால் பெரிதாக என்ன கண்டுபிடிக்க முடியும் என்று சிலர் கேட்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினின் கதை 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஒரு மருத்துவ மாணவரிடம் தொடங்கியது. ஜே மெக்லீன் என்ற அந்த மாணவருக்கு, உடலியல் பேராசிரியர் வில்லியம் ஹோவெல் கொடுத்தது ஒரு குறுகலான கேள்வி: திசுச் சாற்றில் ரத்தத்தை உறையவைப்பது செஃபலின் என்ற பொருள்தானா, அதோடு கலந்திருக்கும் வேறு ஏதாவதா? உறையவைப்பதைத் தேடியவரின் கைக்கு, உறையாமல் தடுக்கும் சாறு வந்து சேர்ந்தது. ஹோவெல் முதலில் நம்பவில்லை. அப்புறம் அதையே தொடர்ந்து ஆராய்ந்து, 1918-இல் ஹெப்பாரின் என்ற பெயரையும் வைத்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னால், 1906 கோடையில், மார்ட்டின் ஃப்ளாக் என்ற மாணவர் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத்தின் கென்ட் வீட்டில் தங்கி இதயங்களை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீத் வெளியே போய்த் திரும்பிய ஒரு மாலையில், ஓர் அகழெலியின் இதயத்தில், வலது மேலறையான ஏட்ரியத்தில் தான் பார்த்த விசித்திரமான அமைப்பை ஃப்ளாக் அவருக்குக் காட்டினார். இதயத் துடிப்பு தொடங்கும் சைனஸ் நோடு அதுதான். 1907-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

உங்களுக்கும் இப்படி நடக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டிலும் ஒற்றுமையைப் பாருங்கள். கேள்வி சிறியது, வேலையை மாணவரே கையால் செய்தார், எதிர்பாராத ஒன்று வந்தபோது அதன் மதிப்பு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

சரி, அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய பெயர் மட்டும் போதாது. இருநூறு பேப்பர் போட்டவருக்கு உங்களைப் பார்க்க நேரமில்லாமல் இருக்கலாம். அதற்காக அவரைத் தவிர்க்கவும் வேண்டாம். அவருடைய குழுவில் தினமும் உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு முதுநிலை மாணவரோ இளம் ஆசிரியரோ இருந்தால், அது மிக நல்ல ஏற்பாடு. திசையைப் பெரியவர் பார்த்துக்கொள்வார், எக்செல் தகராறை இளையவர் பார்த்துக்கொள்வார். யாரும் இல்லாமல் "நீ செய்துகொண்டு வா, நான் பார்க்கிறேன்" என்றால் யோசியுங்கள்.

நம்பகமான தகவல் கிடைக்கும் இடம் அவரிடம் முன்பு வேலை செய்த மாணவர்கள். அவர்களைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தார்? எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் தந்தாரா, எத்தனை வாரத்தில்? ஆரம்பித்த வேலை முடிந்ததா? பேப்பரில் உங்கள் பெயர் எங்கே வந்தது? தவறு செய்தபோது எப்படி நடந்துகொண்டார்? கடைசிக் கேள்வி முக்கியமானது. திட்டுக்குப் பயந்து மாணவர் தவறை மறைக்கும் இடத்தில் டேட்டாவை நம்ப முடியாது.

பிறகு அவரையே சந்திக்கும்போது, "இந்த வேலையில் என் பங்கு எது? யாரிடம் தினசரி கேட்கலாம்? எத்தனை மாதத்தில் எது முடிந்திருக்க வேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். மாணவர் இப்படிக் கேட்பதை நல்ல கைடு யாரும் அதிகப்பிரசங்கித்தனமாக நினைக்க மாட்டார். எனக்கு அப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். சந்திப்பு முடிந்ததும், பேசியதை நாலு வரியில் எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சு வராது.

வழிகாட்டுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான். 16 மருத்துவ மையங்களில் இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் 283 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் வழிகாட்டும் திறன் கூடுதலாக மேம்பட்டது. எட்டு மணி நேரம் என்பது ஒரே ஒரு வேலைநாள். உங்கள் திட்டத்தில் கைடுகளுக்கு இப்படி ஏதாவது பயிற்சி உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். உண்டு என்றால், நடத்துபவர்கள் இதை அக்கறையோடு நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

காலத்துக்கு ஏற்ற வேலையை எடுப்பது அடுத்த விஷயம். உலகத்தில் இந்தப் பயிற்சிகள் பல அளவில் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் திட்டம் இரண்டு மாதத்துக்கானது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2012-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு அங்கேயே தங்கி ஆய்வு செய்வார். யேல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வேடு எழுதாமல் பட்டமே கிடையாது, 1839 முதல் இதுதான் அங்கே வழக்கம். இரண்டு மாதத்துக்காரர் ஒரு வருடத்துக்காரரின் வேலையை எடுத்தால் முடியாது. எட்டு வாரத்தில் கேஸ் ஷீட் ஆய்வு, சிறிய கேள்வித்தாள் ஆய்வு, அல்லது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பெரிய ஆய்வின் ஒரு துண்டு ஆகியவற்றை முடிக்கலாம். நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டியதெல்லாம் வேண்டாம். "சிஸ்டமேட்டிக் ரிவியூ என்றால் நோயாளியே தேவையில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம்" என்று, வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் அந்த வேலையில் பலர் இறங்குகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் இரண்டு பேர் தனித்தனியாக ஆயிரக்கணக்கான சுருக்கங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேடும் முறையை நூலகர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். முதல் வேலையாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டைக்கூடத் தொடாதீர்கள். பழைய ஆவணங்கள்தானே என்று நினைக்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். நோயாளியின் தனி ஒப்புதல் தேவையா இல்லையா என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும், நீங்களோ கைடோ அல்ல. அனுமதி வர வாரங்கள் ஆகலாம், சில இடங்களில் மாதங்கள். எனவே விடுமுறையில் வேலை என்றால் விண்ணப்பம் அதற்கு வெகு முன்பே போயிருக்க வேண்டும். நோயாளியின் பெயர் உள்ள தாளைப் போனில் படம் எடுப்பது, டேட்டா கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, இரண்டும் கூடவே கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைத் தனியாக, பூட்டி வையுங்கள்.

இனி பேப்பர் விஷயம். வரலாம், வராமலும் போகலாம். எட்டு வார வேலைக்குப் பிறகு எழுதுவது, திருத்துவது, இதழுக்கு அனுப்புவது, திரும்பி வந்தால் மாற்றி அனுப்புவது எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். அதனால் பயிற்சி முடியும்போது கையில் இருக்க வேண்டியது ஒரு முழு அறிக்கையும், ஆய்வை ஒரே தாளில் காட்டும் ஒரு போஸ்டரும்தான் என்று இலக்கு வையுங்கள். அறிக்கை நன்றாக இருந்தால் அதிலிருந்து பேப்பர் வரும். யார் பெயர், எந்த வரிசையில் என்பதை ஆரம்பத்திலேயே பேசுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிப்படி ஒரு கட்டுரையின் ஆசிரியராக இருக்க நான்கும் வேண்டும்: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு ஏற்பது. துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்ப்பது இதில் வராது. டேட்டாவை எல்லாம் எடுத்த மாணவரை எழுதும் கட்டத்தில் கூப்பிடாமல் விட்டுவிட்டு, "அவர் எழுதவில்லை, அதனால் ஆசிரியர் இல்லை" என்று சொல்வதையும் அந்த விதி ஏற்கவில்லை. எழுதும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் இதழ்களின் மின்னஞ்சலுக்குப் பதிலே எழுதாதீர்கள். அங்கே வந்த கட்டுரையைப் பிறகு நல்ல இதழ் எதுவும் எடுத்துக்கொள்ளாது.

எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். 100 பேரில் 80 பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயிருக்கிறது, தாமதமே பெரிதாக இல்லை என்று வந்தால், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். அதை முதலில் அந்தப் பிரிவின் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிவைத்த நேரங்களை வைத்துத்தான் உங்கள் ஆய்வே நடந்தது. "அந்த மாதம் மருந்து ஸ்டாக் வார்டிலேயே இருந்தது, அதனால்தான்" என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, உங்கள் கட்டுரையின் மிக நல்ல பத்தியாகலாம்.

கடைசியாகத் தேர்வுகள். உங்கள் தேர்வு அட்டவணையை முதல் சந்திப்பிலேயே கைடின் கையில் கொடுத்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரத்தில் புது வேலை எதையும் வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கமிட்டிப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரியான வேலைகள் விழும்படி திட்டமிட்டால் நல்லது. சாதாரண வாரங்களில் நாலைந்து மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஆனால் அது ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் இருக்கட்டும். நேரம் கிடைக்கும்போது செய்கிறேன் என்றால் கிடைக்கவே கிடைக்காது. கைடிடமிருந்து பதில் வரவில்லை என்றால் "சார், எப்படிச் செய்வது?" என்று நீளமாக எழுதாமல், "வந்த நேரத்துக்கு டிரையேஜ் நேரத்தை எடுக்கப் போகிறேன், காரணம் இது, வேறு மாதிரி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். இதற்கு ஒரு வரியில் பதில் வந்துவிடும். அப்படியும் ஒன்றரை மாதத்தில் ஒரு சந்திப்புகூட நடக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் போய் வேறு கைடு கேளுங்கள். அந்த நிலையில் மாறினால் இழப்பது ஆறு வாரம், ஆறு மாதம் கழித்து மாறுவது மிகவும் கஷ்டம்.